ஒன்பதாவது கால்

ஞாயிறு காலை பத்து மணிக்குப்
பொத்தானை அமுக்கினேன்.
ஃபேன் அரைச் சுற்றுச் சுற்றி
ஏதோ சொல்ல வாயெடுத்தவள்
வேண்டாமென்று விட்டதுபோல்
நின்றுவிட்டது.

மறுபடி அமுக்கினேன். அரைச் சுற்று.
மறுபடி.

புன்டா அரேனாஸில் அன்று அப்படியொரு காற்று.
ஜலசந்தியில் படகு ஓடவில்லை,
டிக்கெட் ஜன்னலில் எனக்கு வேலையில்லை.
தெருமுனையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு
தொப்பி பறந்தவர்கள் நடந்தார்கள்.
கூரைத் தகடு, கடைப் பலகை, சேவல் வடிவக் காற்றுமானி
எல்லாம் சுழன்றன ஊரில்,
நான் காசு கொடுத்து வாங்கிய
ஃபேனைத் தவிர.

பதினொரு மாதச் சேமிப்பு.
வரியில்லாக் கடைப் பையன் கேட்டான்,
"மகனுக்கா?"
எனக்கு, என்றேன்.
ரசீதை இரண்டாம் முறை பார்த்துவிட்டு
என்னை ஒரு முறை பார்த்தான்.

மாடி வீட்டு மிர்கோ பாரியெந்தோஸ் இறங்கி வந்தார்.
நண்டு ஆலையின் குளிர்ப்பெட்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பவர்.
மீட்டரின் சிவப்பு முனையும் கறுப்பு முனையும்
காதில் செருகிய பென்சில்போல எப்போதும் அவரோடு.
"பவர் சப்ளை செத்துப்போச்சு" என்றார், பெட்டியைத் திறக்காமலே.
பச்சைக் கம்பியையும் கறுப்பையும்
கிளிப்பால் இணைத்துக் காட்டினேன்.
உயிரோடுதான் இருந்தது.
"அப்படியானால் மதர்போர்டு."
அப்படியானால், அப்படியானால் என்று
மதியம் போயிற்று.

ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.
கிராஃபிக்ஸ் கார்டு, அது இல்லாமலும் அரைச் சுற்று.
ஹார்ட் டிஸ்க், இல்லாமலும்.
இரண்டு ராமில் ஒன்று, பிறகு இடம் மாற்றி,
பிறகு மற்றொன்று.
ப்ராசசரைத் தூக்கி
நெற்றியில் மாட்டிய விளக்கில் அதன் அடியைப் பார்த்தேன்.
பலகையில் ஆயிரத்துச் சொச்சம் முள்,
ஒன்றுகூட வளையவில்லை.
தப்பு செய்திருந்தால் நன்றாக இருக்குமே
என்று முதன்முறையாகத் தோன்றியது.
தப்பென்றால் திருத்தலாம்.
எல்லாம் சரியாக இருப்பதை
என்ன செய்வது?

மிர்கோ சூப்பைச் சூடாக்கினார்.
என் அடுப்பில், என் சூப்பை,
என்னைக் கேட்காமல்.

ஆறு மணிக்கு மின்சாரம் போய் வந்தது.
அலுத்துப்போய் மதர்போர்டை
வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டிமேலேயே வைத்து
ஸ்க்ரூடிரைவர் நுனியால்
இரண்டு முள்ளைத் தொட்டேன்.
சுற்றியது.
அரை அல்ல. முழுதாக, சுற்றிக்கொண்டே.

இருவரும் பேசவில்லை.
கரண்டி கிண்ணத்தில் சாய்ந்த சத்தம் மட்டும்.

திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன். அரைச் சுற்று.
வெளியே எடுத்தேன். முழுச் சுற்று.
அட்டையில் பிழைக்கிறது, இரும்பில் சாகிறது.

அப்போதுதான் எண்ணினேன்.
பலகையில் எட்டுத் துளை.
பெட்டிக்குள் பித்தளைக் கால்கள் ஒன்பது.
தொழிற்சாலையிலேயே முடுக்கி அனுப்பியிருந்தார்கள்,
வேறொரு பெரிய பலகைக்காக.
துளை கிடைக்காத ஒன்பதாவது
என் பலகையின் முதுகில்
காலை முதல்
விரல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தது.

இடுக்கியால் திருகினேன். கழன்றது.
உளுந்தளவுதான் இருக்கும்.
"இதுக்கா" என்றார் மிர்கோ. என் ஜன்னலில்
நாற்பது பேர் வரிசையில் நின்று
படகு இல்லையென்று கேட்டதும்
சொல்லும் அதே குரலில்.

இரவு ஒன்பதரைக்கு
திரை வெளுத்தது.
வணக்கம் கிணக்கம் ஒன்றுமில்லை;
இயக்க மென்பொருள் எங்கே என்று கேட்டது.
தேதியும் தப்பு. எந்த வருஷமோ ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டி நான்கு நிமிஷம்.

திருத்தவில்லை அன்றைக்கு.
மிர்கோவை அனுப்பிவிட்டு
விளக்கை அணைத்து
ஃபேன் ஓடுவதைக் கேட்டபடி
மிச்சச் சூப்பைக் குடித்தேன்.
வெளியே காற்றுக்கு இன்னும்
அடங்கும் எண்ணம் இல்லை.